பத்து வயது மகன் தன் பொருள்களைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளப் பழக்குவது எப்படி?

தேவகோட்டை அம்மா:
வணக்கம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்குப் படிப்பில் குறையில்லை; ஆனால் எழுதி முடித்த வீட்டுப்பாடத்தையே எடுத்துச் செல்ல மறந்துவிடுகிறான். எங்களுடையது முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை நீண்டு கிடக்கும் பழைய வீடு. பை திண்ணையிலும், கணக்கு நோட்டு பட்டாலையிலும், தண்ணீர் பாட்டில் அடுப்படியிலுமாகக் கிடக்க, பள்ளி வேன் வாசலுக்கு வந்த பிறகு அப்பத்தாதான் ஓடியோடிச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. வீட்டிலேயே இதை எப்படிப் பழக்குவது?

பள்ளத்தூர் ஆசிரியை:
இதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள், அம்மா. திட்டமிடுவதற்கும், சொன்னதை மனத்தில் நிறுத்துவதற்கும், கவனம் சிதறாமல் தன்னை அடக்கிக்கொள்வதற்கும் பெரிதும் துணைநிற்கும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயது ஆகிறது. "குளி, பையை அடுக்கு, செருப்பை எடு" என்று ஒரே மூச்சில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும்.

முகப்பில் நிலைக்கு அருகே அவன் பொருள்களுக்கென்று ஒரே ஓர் இடம் வையுங்கள். பெரிய ஓலைக் கொட்டான் ஒன்று போதும். இரவுச் சாப்பாட்டுக்கு முன், பாட அட்டவணையைப் பார்த்து அவனே அடுக்கட்டும். முதலில் கூடவே நின்று செய்யுங்கள், பழகியதும் "அடுத்து என்ன?" என்று மட்டும் கேளுங்கள், பிறகு அதையும் விட்டுவிடுங்கள். இப்படி விலகுவதுதான் கடினம், பல வீடுகளில் முயற்சி நின்றுபோவதும் இங்கேதான். அப்பத்தாவிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

காரைக்குடி அப்பா:
ஆசிரியை சொன்னதோடு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு முடிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று மகனையே முதலில் சொல்லச் செய்து, முள் கடிகாரத்தைப் பார்த்து உண்மையில் ஆனதைப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடம் என்றது முப்பது ஆனதைத் தன் கையெழுத்திலேயே பார்க்கும் பிள்ளை, நாளடைவில் தானாகவே முன்னதாக உட்காரும். வாரச்சந்தைக்குப் போகும் பட்டியலையும் அவனே எழுதட்டும்.

ஆடுபுலி ஆட்டமும் நல்லது. மூன்று புலிகளைக் கட்ட 15 ஆடுகளை நகர்த்துகிறவன் எதிராளியின் அடுத்த நகர்வையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். ஆனால் ஆட்டத்தில் தேறினாலே பை தானாக ஒழுங்காகிவிடாது. அதற்குப் பையைத்தான் அடுக்கிப் பழக வேண்டும்.

கோட்டையூர் சிறப்புக் கல்விப் பயிற்றுநர்:
தூக்கத்தையும் கவனியுங்கள், இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரம் தேவை. கவனக்குறைவும் மறதியும் ஆறு மாதங்களுக்கு மேலாக, வீட்டிலும் பள்ளியிலும் ஒருசேர, வயதுக்கு மீறி இருந்து அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு உள்ள பிள்ளையைக் கண்டிப்பால் மட்டும் திருத்த முயல்வது அதன் மனத்தை நோகடிக்கும்.

தேவகோட்டை அம்மா:
மூவருக்கும் மிக்க நன்றி. பள்ளியில் அப்படிப் புகார் எதுவும் இல்லை. நோட்டை மறந்துவிட்டால் நான் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

பள்ளத்தூர் ஆசிரியை:
வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, கொடுக்காமல் இருங்கள். ஆனால் சாப்பாட்டிலும் தேர்வு நாளிலும் இந்தச் சோதனை வேண்டாம். மாலையில் திட்டாமல், அது எந்த இடத்தில் விடுபட்டது என்று அவனோடு உட்கார்ந்து பாருங்கள். மறுநாளுக்கு என்ன மாற்ற வேண்டும் என்பதை அவனே சொல்லட்டும்.