வயது 56, ஓய்வுக்கு 4 வருடம்: முதலில் ஹெல்த் செக்கப்பா, பாலிசியா?

நொய்யல்கரை:
வணக்கம். எனக்கு 56, மனைவிக்கு 53. தனியார் கம்பெனி, 60ல் ஓய்வு. கம்பெனி குரூப் பாலிசி 5 லட்சம் இருக்கிறது, வேலை முடிந்த அன்றே அதுவும் முடிந்துவிடும். இரண்டு பேரும் இதுவரை முழுச் செக்கப் செய்ததில்லை. "முதலில் சொந்தமாகப் பாலிசி எடு, டெஸ்ட்டெல்லாம் அப்புறம். ரிப்போர்ட்டில் ஏதாவது வந்துவிட்டால் பாலிசியே கிடைக்காது" என்கிறார்கள் தெரிந்தவர்கள். இது சரியா? எந்தெந்த டெஸ்ட் எடுத்தால் போதும்? ஓய்வில் கைக்கு வரப்போவது சுமார் 40 லட்சம். 30 லட்சத்தை சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் போட எண்ணம். மருத்துவத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பாலிசிக்கணக்கு:
செக்கப்தான் முதலில் சார். அதுவும் இந்த வருடமே.

ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காத காலம், அதிகபட்சம் 36 மாதம். 2024 ஏப்ரல் வரை அது 48 மாதமாக இருந்தது. இப்போது 56ல் பாலிசி எடுத்தால் 59ல் அந்தக் காலம் முடிந்துவிடும். அந்த மூன்று வருடமும் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் குரூப் பாலிசி பார்த்துக்கொள்ளும். 60ல் போய் எடுத்தீர்களானால், 63 வரை சர்க்கரை, பிரஷர் தொடர்பாக எதற்கு அட்மிட் ஆனாலும் செட்டில்மென்ட் பணத்தில்தான் கைவைக்க வேண்டும். இன்னொரு கெடுவும் உண்டு. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய "நோயை மறைத்தீர்கள்" என்று கிளெய்மை மறுக்க முடியாது. 56ல் எடுத்தால் இது 61ல் நிறைவாகும்.

தெரிந்தவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். பாலிசிக்கு முந்தைய 36 மாதத்தில் கண்டறியப்பட்டதோ சிகிச்சை பெற்றதோதான் "ஏற்கெனவே உள்ள நோய்" என்பது விதி. தெரியாமலே இருந்துவிட்டால் சொல்லவும் வேண்டாமே என்ற கணக்கு அது. ஆனால் 56 வயதுக்காரருக்குப் பல காப்பீட்டுக் கம்பெனிகள் தாங்களே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பாலிசி தருகின்றன. அங்கே கட்டுப்பாடில்லாத சர்க்கரையாக வெளியே வந்து அவர்கள் மறுத்துவிட்டால், அடுத்த கம்பெனியின் விண்ணப்பத்தில் "முன்பு மறுக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டிவரும். நீங்களே முதலில் பார்த்து, மாத்திரை, உணவு, நடை என்று ஆறு மாதம் கட்டுக்குள் வைத்து, நோயை மறைக்காமல் எழுதி, புது ரிப்போர்ட்டோடு போங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். கதவு மூடாது.

குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறவும் வழி உண்டு. எச்ஆரிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்கிவையுங்கள், மாறுவதானால் கடைசி நாளுக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

லேப்மேசை:
டெஸ்ட் பற்றி. "85 டெஸ்ட் பேக்கேஜ்" விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ரத்த அணுக்கள் எண்ணிக்கை போன்ற டெஸ்ட்களில் வரும் ஒவ்வொரு வரியையும் தனித்தனி டெஸ்ட்டாக எண்ணித்தான் 85 வருகிறது.

உங்கள் வயதுக்கு அவசியமானவை: வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல், ரத்த அணுக்கள், இசிஜி, ரத்த அழுத்தம். இவற்றோடு பேக்கேஜில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியதை இது காட்டிவிடும். அந்தக் கட்டத்தில் மாத்திரையால் வேகத்தைக் குறைக்கலாம். விட்டுவிட்டு டயாலிசிஸ் வரை போனால் வாரம் மூன்று தடவை, வருடத்துக்கு 156 தடவை. எந்த ஓய்வூதியக் கணக்கும் அதைத் தாங்குவது கடினம்.

எச்பிஏ1சி 5.7க்குக் கீழே சரி, 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவில் கூடுதலாகக் காட்டும். அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் கூடுதலாக வந்தால் இன்னொரு தடவை எடுத்து உறுதிசெய்த பிறகே நோய் என்று எழுதுவது முறை. முதல் நாள் இரவு கறிச்சோறு சாப்பிட்டால் கிரியேட்டினின் ஏறும். 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். பிரஷரை மாடி ஏறிவந்த மூச்சோடு பார்க்கக்கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, இரண்டு வேறு நாட்களில் பாருங்கள்.

உங்கள் மனைவிக்கு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) கருப்பை வாய்ப் பரிசோதனையும் கட்டாயம். இருவருக்கும் கண் அழுத்தம், விழித்திரை. புற்றுநோய் மார்க்கர் என்று ரத்தத்தில் சிஇஏ, சிஏ 125 சேர்த்த பேக்கேஜ் வேண்டாம். நோயே இல்லாதவருக்கும் அவை ஏறும், பிறகு ஸ்கேன் மேல் ஸ்கேனாகப் பணமும் நிம்மதியும் போகும். இசிஜி நார்மல் என்றால் அடைப்பு இல்லை என்று அர்த்தமில்லை. நடந்தால் நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மற்றதை அவர் முடிவு செய்வார்.

சர்க்கரை, பிரஷர், வாய், மார்பு, கருப்பை வாய் பரிசோதனை 30 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். காசு இல்லை என்று தள்ளிப்போட வேண்டியதே இல்லை.

வைகைவட்டி:
பணக் கணக்குக்கு வருகிறேன். செக்கப் முடியும் வரை மருத்துவத்துக்கு இவ்வளவு என்று சொல்லும் எந்தத் தொகையும் குத்துமதிப்புதான். முடிந்தபின் மாதச் செலவு தெரிந்துவிடும். இருவருக்கும் மாத்திரை, டெஸ்ட், டாக்டர் சேர்த்து மாதம் 2,000 என்று வைப்போம். வருடம் 24,000. விலை ஆண்டுக்கு 8% ஏறினால் 9 வருடத்தில் அது 48,000. இருபது வருடத்தில் மொத்தம் சுமார் 11 லட்சம். ஒதுக்கும் பணமும் அதே 8% ஈட்டினால் இன்றைக்கு 24,000 × 20 = 4.8 லட்சம் தனியாக வைத்தால் போதும். வட்டி குறைந்தால் இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். இது வெளிநோயாளிச் செலவு. சாதாரண பாலிசி இதற்கு ஒரு பைசா தராது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஜன் ஔஷதி, முதல்வர் மருந்தகத்தில் அதே மூலப்பெயர் (ஜெனரிக்) மாத்திரை வாங்கினால் இந்த 2,000 நன்றாகவே குறையும்.

அட்மிஷனுக்கு 5 லட்சம் அடிப்படைப் பாலிசி, அதன்மேல் 5 லட்சம் கழிவுத்தொகையுள்ள (முதல் 5 லட்சத்தைத் தாண்டிய செலவை மட்டும் தரும்) சூப்பர் டாப்-அப். வெறும் டாப்-அப் வேண்டாம். அதில் ஒவ்வொரு அட்மிஷனுக்கும் தனித்தனியாக 5 லட்சத்தைத் தாண்ட வேண்டும், சூப்பரில் வருட மொத்தம் தாண்டினால் போதும். 20% நம் பங்கு என்றிருக்கும் பாலிசி மலிவாகத் தெரியும், 6 லட்சம் பில்லில் 1.2 லட்சம் நம் கையிலிருந்து போகும்.

சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 30 லட்சத்தையும் ஒரே கணக்கில் போட வேண்டாம். இப்போதைய 8.2%ல் காலாண்டுக்கு 61,500 வருவது நல்லதுதான், ஆனால் அதில் பாதியை மட்டும் எடுக்க முடியாது. முழுக் கணக்கையும் மூட வேண்டும். ஒரு வருடத்துக்குள் மூடினால் வாங்கிய வட்டியை அசலில் பிடிப்பார்கள், இரண்டு வருடத்துக்குள் 1.5%, அதன்பின் 1% கழிவு. 15, 10, 5 என்று பிரித்தால் அவசரத்துக்கு 5ஐ மட்டும் மூடலாம்.

செக்கப் செலவில் குடும்பத்துக்கு 5,000 வரை வருமான வரிக் கழிவு உண்டு, ரொக்கமாகக் கட்டினாலும் சரி. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

நொய்யல்கரை:
மூவருக்கும் நன்றி. செக்கப்பில் கண்புரை, குடலிறக்கம், பித்தப்பைக் கல் என்று ஏதாவது வந்தால் சொந்தப் பாலிசியில் செய்வதா, குரூப்பிலா?

பாலிசிக்கணக்கு:
குரூப்பில் செய்யுங்கள். பெரும்பாலான குரூப் பாலிசிகளில் காத்திருப்புக் காலமே கிடையாது, புதுப் பாலிசியில் இவற்றுக்கு வழக்கமாக 24 மாதம். மருத்துவ விடுப்பும் சம்பளத்தோடு கிடைக்கும் காலம் இது. ஆனால் பாலிசி இருக்கிறதே என்று கத்தி வைக்க வேண்டாம். வலி இல்லாத பித்தப்பைக் கல்லைப் பல நேரம் அப்படியே விட்டுவிடச் சொல்வார்கள்.

இன்னொன்று, அவசர சிகிச்சையில் சேர்க்கும்போது "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்பார்கள். கூட வந்தவர் பதற்றத்தில் "பத்து வருஷமா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல, அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். ஆறு வருடம் முன்பு எடுத்த பாலிசி பரவாயில்லை, மூன்று வருடப் பாலிசி என்றால் மறைத்ததாகக் கிளெய்ம் நின்றுபோகும். முதன்முதலில் சர்க்கரை கண்ட ரிப்போர்ட்டைத் தேதியோடு ஒரு ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்து, வீட்டில் எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறது என்று காட்டிவையுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரியில் அந்த வரியைப் படித்துப் பார்த்து, தப்பிருந்தால் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் திருத்தி வாங்குங்கள்.