'ரிக்யூ' பார்த்தவர்கள் யாராவது இருக்கீங்களா?

பினாங்குக்காரி: தெஷிகஹாரா இயக்கிய ஜப்பானியப் படம் 'ரிக்யூ' (1989) பார்த்தேன். லிட்டில் இந்தியாவில் தே தாரிக் ஆற்றும் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு அந்த அமைதியே புதுசு. ஒன்றுதான் புரியவில்லை: தேநீர் கலக்கும் கிழவர் ரிக்யூமேல், ஜப்பானையே ஆளும் ஹிதேயோஷிக்கு ஏன் அத்தனை கோபம்?

செந்தூல் அண்ணன்: வெறும் டீ மாஸ்டர் இல்லை தங்கச்சி, ஹிதேயோஷிக்கு அரசியல் ஆலோசனை சொன்னவரும் அவர்தான். தைத்தோகுஜி கோயில் வாசல் மாடத்தில் அவர் சிலை. கீழே ஹிதேயோஷி நடந்து போகணும்! அது சாக்குதான் என்பேன். 1591-ல் வயிற்றைக் கிழித்துக்கொள்ள உத்தரவு.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: ரிக்யூவின் 'தைஆன்' தேநீர் அறை இரண்டே தத்தாமி பாய் அளவுதான். தவழ்ந்துதான் உள்ளே போகணும், வாள் வெளியே. நாட்டையே ஆள்கிறவனையும் குனிய வைக்கிற வாசல்! எனக்கு அங்கேதான் விடை.

பினாங்குக்காரி: அட! அதான் ஹிதேயோஷி தங்கத்திலேயே தேநீர் அறை கட்டிக்கிட்டானா?

செந்தூல் அண்ணன்: கழற்றி மாட்டுகிற அறைம்மா. 1586-ல் அரண்மனைக்கே தூக்கிப் போய்ப் பேரரசருக்குக் காட்டினான்.