மூன்று நாள் நின்றாலே பேட்டரி இறங்கிவிடுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். கானாடுகாத்தானில் இருக்கிறேன். கார் மூன்று நாள் சும்மா நின்றால் நான்காம் நாள் சாவியைத் திருப்பும்போது 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான். பேட்டரி போட்டு 5 மாதம்தான் ஆகிறது. மெக்கானிக் மறுபடியும் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட் காட்டுகிறது, சார்ஜ் ஏறுகிறது. டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றித் துடைத்தேன். அப்புறம் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்து, கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்தேன். வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்சாரம் 50 மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டியது, 380-இல் நிற்கிறது! ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவியும் முள் அசையவில்லை.

அப்படியென்றால் ஃபியூஸ் பெட்டிக்கு வெளியே எங்கோ கசிகிறது, சரிதானே? ஆல்டர்னேட்டரில் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) மின்சாரம் திரும்பி வராமல் தடுக்கும் டையோடு போயிருந்தால், சார்ஜ் ஏறினாலும் இப்படி இழுக்குமா? பேட்டரியைத் துண்டித்துவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றிப் பார்க்கலாமா? முன்பு வைத்திருந்தவர் ஆம்ப்ளிஃபயருக்கு நேரே பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருக்கிறார், அதன் மேலும் சந்தேகம்.

வாரம் ஒருமுறை அம்மாவைக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இந்த வண்டிதான். தேவகோட்டை, காரைக்குடி பக்கம் நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் தெரிந்தாலும் சொல்லுங்கள்.