பாட்டும் படமும் வைத்து பிரேசில் போர்ச்சுகீஸ் கற்க முடியுமா?

கேள்வி:
வேலைக்காக சாவ் பாவுலோ மாநிலத்துக் காம்பினாஸுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஆபீஸில் ஆங்கிலத்தை வைத்து ஓட்டிவிடலாம், வாசலைத் தாண்டினால் போர்ச்சுகீஸ்தான். ஆப்பில் தினமும் படிக்கிறேன். 'பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்' வரை தேறிவிட்டேன். போன வாரம் பேக்கரியில் ஐந்து பிரெட் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பக்கத்தில் நின்ற பெரியவர்தான் சொன்னார்: என் வாயிலிருந்து வந்தது 'பாவ்', அதாவது குச்சி. இன்னொரு அர்த்தமும் உண்டாம், அதை அவர் சொல்லவில்லை. பாட்டு, படம் வழியாகப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பதில்:
சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரெட்டும் கிட்டத்தட்ட அதே 'பாவ்'தான், ஆனால் மூக்கால் சொல்ல வேண்டும். அந்த மூக்கொலி நமக்குப் புதிதே இல்லை. 'நாளைக்கு வரும்' என்று பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடாது, சத்தம் மூக்கில் போய் முடியும். அதே 'உம்'மை 'பா'வோடு ஒட்டினால் பிரெட் ரெடி.

பாட்டுக்கு, பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமின் 'ஆகுவாஸ் ஜி மார்சு' (மார்ச் மாத நீர்) எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் பாடகி எலிஸ் ரெஜினாவோடு அவர் சேர்ந்து பாடிய பதிவுதான் எனக்குப் பிடிக்கும். மார்ச் மழை அடித்து வருவதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போகிற பாட்டு: குச்சி, கல், கண்ணாடிச் சில்லு. பெரும்பாலும் 'எ' (ஆங்கில 'is' மாதிரி) என்று தொடங்கி ஒரு பெயர்ச்சொல், அவ்வளவுதான். இலக்கணமே வேண்டாம். உங்கள் 'பாவ்' முதல் வரியிலேயே வருகிறது, வெட்கப்படாமல் பாடுங்கள்.

இன்னொரு பதில்:
படம் என்றால் 1998இல் வந்த 'சென்ட்ரல் டோ பிரசில்'. ரியோ ரயில் நிலையத்தில் எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதித் தரும் டோராவாக ஃபெர்னாண்டா மோன்டெநெக்ரோ. ஆரம்பத்தில் ஒவ்வொருவராக வந்து கடிதத்தைச் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். நமக்கே டிக்டேஷன் கொடுக்கிற மாதிரி இருக்கும். நான் நிறுத்தி நிறுத்தி நோட்டில் எழுதினேன். சப்டைட்டிலையும் போர்ச்சுகீஸிலேயே வையுங்கள், ஆங்கிலம் போட்டால் காது தூங்கிவிடும். 'சிடாஜி ஜி தெயுஸ்' படம் இப்போது வேண்டாம், ஃபவேலா (சேரி) கொச்சை மொழி தலையைச் சுற்ற வைக்கும்.

ஒன்று கவனியுங்கள்: ரியோக்காரர்கள் சொல் முடிவு 'ஸ்'ஸை 'ஷ்' என்பார்கள். உங்கள் ஊரில் அப்படிப் பேசினால் 'எந்த ஊர்?' என்பார்கள்.

கேட்டவர்:
பிரெட் கிடைத்தது! அலமாரி, மேசை, ஜன்னல், சாவி எல்லாம் நாம் இவர்களிடம் வாங்கிய சொற்கள்தானே என்ற தைரியத்தில் சந்தையில் 'அன்னாசி' கேட்டேன். கடைக்காரர் விழித்தார்.

பதில்:
அது போர்ச்சுகலில். பிரேசிலில் 'அபகாஷி'. பேச்சில் 'தீராத தலைவலி' என்றும் அர்த்தம் உண்டு. ஆபீஸில் உங்கள் தலையில் ஒன்றைக் கட்டும்போது காதில் விழும்.