மலைப்பூண்டை இணையத்தில் விற்பது எப்படி? அடிப்படையிலிருந்து விளக்கம் வேண்டும்

மன்னவனூர்_பூண்டு:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூரில் தலைமுறையாகப் பூண்டு பயிரிட்டு வருகிறோம். அறுவடை முடிந்ததும் தாளோடு (தண்டோடு) கட்டிப் பரணில் தொங்கவிட்டுப் புகைமூட்டி, பிறகு வடுகபட்டிக் கமிஷன் கடைக்கு மூட்டையாக அனுப்புவதுதான் இன்றுவரை வழக்கம். அங்கே எங்களுக்குக் கிடைக்கும் விலையையும், சென்னையில் இருப்பவர்கள் கைபேசியில் அதே பூண்டை வாங்கும் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்ததிலிருந்து, நாமே நேரடியாக விற்றால் என்ன என்ற பேச்சு வீட்டில் எழுந்துள்ளது. இணையத்தில் பொருள் வாங்கிய பழக்கம் உண்டே தவிர, விற்பனை எப்படி நடக்கிறது என்று தெரியாது. பெரிய தளங்களில் சேர்வதா, தனியாக விற்பதா, என்னென்ன பதிவுகள் தேவை என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

கோத்தகிரி_தேயிலை:

தம்பி, நாங்கள் எங்கள் தோட்டத்துத் தேயிலையைச் சில ஆண்டுகளாக இப்படித்தான் விற்று வருகிறோம். நமக்குத் தெரிந்த பெரிய தளங்களில் பெரும்பாலானவை சரக்கைத் தாமே வாங்கி விற்பதில்லை. அந்நிய முதலீடு உள்ள நிறுவனங்கள் அவ்வாறு சொந்தச் சரக்கை வைத்து நேரடியாக நுகர்வோருக்கு விற்க நமது நாட்டு விதிகள் பொதுவாக இடம் தருவதும் இல்லை. அவை விற்பவரையும் வாங்குபவரையும் ஒரே இடத்தில் சேர்த்து, பணத்தை வாங்கி வைத்திருந்து, தம் கட்டணங்களைக் கழித்துக்கொண்டு மீதியைப் பிறகு நம் வங்கிக் கணக்கில் செலுத்துகின்றன. பொருளின் தரத்துக்கும் எடைக்கும் நாம்தான் பொறுப்பு. மற்றொரு வழி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் பெற்று, யூபிஐ மூலம் பணம் வாங்கி, நாமே பார்சல் அனுப்புவது. 2016இல் யூபிஐ வந்த பிறகுதான் இந்த இரண்டாவது வழி நம்மைப் போன்ற சிறு விவசாயிகளுக்குக் கைகூடியது. அதற்கு முன்பு மணியார்டரையும் வங்கிச் செலானையும் நம்பித்தான் எங்கள் வெளியூர் வியாபாரம் பெரும்பாலும் நடந்தது.

எந்த வழியாக இருந்தாலும் லாபத்தைத் தின்பது பார்சல் செலவுதான், இதை யாரும் முதலில் சொல்வதில்லை. கூரியர் நிறுவனங்கள் தராசில் நிற்கும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து, அந்தக் கன எடை கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம் போடுகின்றன. ஒரு கிலோ பூண்டை 25, 20, 15 அளவுள்ள பெட்டியில் வைத்தால் கணக்கு ஒன்றரைக் கிலோவுக்கு வந்துவிடும். அதையே தாளை ஒட்ட நறுக்கி 20, 20, 12 அளவுள்ள பெட்டியில் அடக்கினால் கன எடை ஒரு கிலோவுக்குள் நிற்கும். தாளோடு கட்டிய பூண்டு பார்வைக்கு அழகுதான், ஆனால் அந்த அழகுக்கும் சேர்த்து நீங்கள்தான் கட்டணம் கட்ட வேண்டும்.

அடுத்தது ஈரம். கொடைக்கானலுக்கு ஏறும் பெருமாள்மலைப் பாதையில் மழைக்காலத்தில் மண் சரிந்தால் பார்சல் எங்கேயாவது தேங்கி நிற்கும், அதுவரை பிளாஸ்டிக் உறைக்குள் வியர்க்கும் பூண்டு பூசணம் பிடித்துப் போகும். வலைப்பையில் போட்டு, பக்கவாட்டில் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். பார்சலை எடுத்துச்செல்ல ஆள் உங்கள் ஊர்வரை வருவார்களா என்பதை உங்கள் பின்கோடைக் கொடுத்து முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். வராவிட்டால் விரைவு அஞ்சல்தான் நம்பகமான வழி. உங்கள் இடத்தில் நான் இருந்தால், முதல் பருவம் முழுக்க நேரடி ஆர்டர்களை மட்டும் எடுத்துவிட்டு, பெட்டிக்கு ஆகும் உண்மையான செலவு கையில் வந்த பிறகே பெரிய தளத்தில் சேர்வேன்.

வத்தலக்குண்டு_கணக்காளர்:

பதிவுகள் குறித்துக் கேட்டிருந்தீர்கள். தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி, அந்த விற்பனைக்காக ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எனினும் சில தளங்கள் தம் நடைமுறையின்படி அந்த எண்ணைக் கேட்கக்கூடும் என்பதால், சேரும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பூண்டு ஊறுகாய், பொடி என்று போனால் கணக்கு மாறும். அத்தகைய பொருள்களைத் தளங்களின் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் சில நிபந்தனைகளோடு ஜிஎஸ்டி பதிவிலிருந்து விலக்கு உண்டு, வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் பதிவு தேவை. பதப்படுத்திய உணவுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவும் அவசியம்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பகுதிக்கே உரிய பொருள் என்ற சட்டப்படியான அங்கீகாரம், கிடைத்துள்ளது. வெளி மாநிலப் பூண்டையும் மலைப்பூண்டு என்ற பெயரில் விற்கும் நிலையில், உங்களுக்கு இருக்கும் பெரிய பலம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அந்த முத்திரையைப் பெட்டியில் அச்சிட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக உங்கள் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் தளங்களை மட்டுமல்லாமல் விற்பவரையும் கட்டுப்படுத்துகின்றன. பொருள் பழுதாகவோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் திரும்பப் பெற மறுக்க முடியாது. வாங்கியவர் போல நாமே பாராட்டு எழுதிக்கொள்வதும் கூடாது. ஆகவே படம் எடுக்கும்போது பெரிய பூண்டை மட்டும் பொறுக்கி வைக்காமல், பெரிதும் சிறிதுமாகக் கலந்து அனுப்பப்போகும் பூண்டையே காட்டுங்கள்.

மன்னவனூர்_பூண்டு:

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. பெட்டி அளவை இன்றே அளந்து பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம். முகநூலில் எங்கள் பூண்டின் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர், ராணுவ முகாமுக்கு 50 கிலோ வேண்டும் என்றும், முன்பணம் வருவதற்காகத் தாம் அனுப்பியுள்ள க்யூஆர் குறியீட்டை நான் ஸ்கேன் செய்ய வேண்டும் என்றும் கூறுகிறார். செய்யலாமா?

கோத்தகிரி_தேயிலை:

வேண்டவே வேண்டாம், தம்பி. பணம் பெறுவதற்கு நாம் எதையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை, யூபிஐ பின் எண்ணை அழுத்தவும் தேவையில்லை. பணம் தருவதாகச் சொல்லிப் பின் எண்ணைக் கேட்டாலே நம் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்றுதான் பொருள். ராணுவத்தின் பெயரைச் சொல்லி மொத்த ஆர்டர் தருவதாகப் பேசுவது, சிறு வியாபாரிகளைக் குறிவைக்கும் நெடுநாளைய ஏமாற்று வேலை. அந்த ஆளின் தொடர்பை உடனே முடக்கிவிடுங்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே ஸ்கேன் செய்து பணம் போயிருந்தால், நேரத்தை வீணாக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. விற்பனைக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, யூபிஐயை அதோடு மட்டும் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.