கண்ணை மூடச் சொன்னால் மூடமாட்டார்கள்

மூன்று வருடமாக வாரம் ஒரு நாள் ஒரு சிறைக்குள் மனநல ஆலோசகராகப் போய்வருகிறேன். எந்தச் சிறை என்பது வேண்டாம்.

முதல் நாள், "கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள்" என்றேன். இருபது பேரில் ஐந்தாறு பேர்தான் மூடினார்கள். மற்றவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடம் என்று நினைத்தேன். வகுப்பு முடிந்ததும் மூத்த தண்டனைக் கைதி ஒருவர் வந்து, "சார், இங்கே தூங்கும்போதே ஒரு கண் திறந்துதான் இருக்கும். பின்னால் யார் நிற்கிறான்னு தெரியாம எப்படி மூடுறது?" என்றார். அடுத்த வாரம் எல்லாரையும் சுவரில் முதுகு சாய்த்து உட்காரவைத்தேன், பார்வை தரையில் இருந்தால் போதும் என்றேன். அப்புறம்தான் கொஞ்சம் நகர்ந்தது.

சிறையில் தியானம் என்றால் எல்லாரும் திகாரைச் சொல்வார்கள். 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பத்து நாள் பேசாமல் விபாசனா முகாமில் இருந்தார்கள். எனக்கு அதைவிட 1975 ஜெய்ப்பூர் பெரிது. மத்திய சிறையில் கைதிகளை விலங்கோடு உட்காரவைக்கப் பார்த்தபோது, விபாசனா ஆசிரியர் கோயங்கா அதைக் கழற்றினால்தான் கற்றுத்தருவேன் என்று நின்றார். கழற்றினார்கள்.

ஆனால் நானே சறுக்கிய கதையும் உண்டு. விசாரணைக் கைதியாக வந்த ஒரு பையன் தனக்குத்தானே பேசுவான். சாமி வந்திருக்கிறது என்று கூட இருந்தவர்கள் விபூதி பூசிவிட்டார்கள். நான் மூன்று வாரம் மூச்சுப் பயிற்சி கொடுத்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. நாலாவது வாரம் அவனே சொன்னான்: "நீங்க அமைதியா உட்காரச் சொல்றப்பதான் சார் அந்த ஆள் சத்தமாப் பேசுறான்." அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன். மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் தூங்க ஆரம்பித்தான். விபூதியை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல சிகிச்சை வசதி இருக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள் என்னைப் போல ஒருவர் மூன்று வாரத்தை வீணாக்கிவிடுகிறார்.

பதில்:

அண்ணா, என் தம்பி ஏழு மாதம் உள்ளே இருந்து ஜாமீனில் வந்திருக்கிறான். அம்மா கூடத்தின் நடுவில் பாய் விரித்தால் இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொள்வான். திமிர் என்று திட்டியிருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என்னவோ போல் ஆகிவிட்டது. உள்ளே ஏதோ மாத்திரை கொடுத்தார்களாம், வெளியே வந்ததும் நிறுத்திவிட்டான். எங்கே காட்டுவது?

பதில்:

மாத்திரையை நிறுத்தியதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். சிறையில் கொடுத்த சீட்டு இருந்தால் எடுத்துப்போங்கள். ராத்திரியில் அவசரம் என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். பாய் சுவரோரமே இருக்கட்டும்.