செனான் ஹெட்லைட் கீழேயே அடிக்கிறது, மேலே ஏற்ற எந்தத் திருகு? அவசரம்

பொள்ளாச்சிக்காரன்: ரெண்டு லைட்டும் தரையைப் பார்த்து அடிக்கின்றன, 15 மீட்டருக்கு அப்பால் ஒரே இருட்டு. போன வாரம் வரை நன்றாக இருந்தது. திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? நாளை ராத்திரி மூணாறு போகிறேன்.

டீசல்மணி: எந்த வண்டி, எந்த வருடம்? கம்பெனி செனானா, வெளியில் வாங்கி மாட்டியதா?

இரவுப்பயணி: பல்புதான். செனான் பழசானால் வெளிச்சம் மங்கி, நிறமும் லேசாக ரோஸ் அடிக்கும். ஜோடியாக மாற்றுங்கள்.

வால்வுராஜா: நிறம் மாறியதாக அவர் எங்கே சொன்னார்? ரெண்டும் ஒரே சமயத்தில் ஒரே அளவு இறங்கினால் அது திருகின் வேலையா தம்பி? இதை எத்தனை தடவைதான் எழுதுவது. சுவருக்கு எதிரே நிறுத்தி லைட்டைப் போடுங்கள், வெளிச்சத்தின் மேல்கோடு ஒருமுறை இறங்கி ஏற வேண்டும். அசையாவிட்டால், பாரத்துக்கு ஏற்ப லைட்டைத் தானாக ஏற்றி இறக்கும் ஆட்டோ லெவலிங் வேலை செய்யவில்லை.

மாருதிப்பித்தன்: இந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் என் பழைய ஸ்விஃப்டில் 55 வாட் ஹெச்ஐடி கிட் (வெளியில் விற்கும் செனான் செட்) போட்டேன். பகல் மாதிரி இருக்கிறது.

டீசல்மணி: உங்களுக்குப் பகல், எதிரே வருகிறவனுக்குக் கண் போச்சு. உங்கள் லைட்டின் ஹெச்4 பிரதிபலிப்புக் கிண்ணம் இழை பல்புக்காகச் செய்தது, அதில் இழையே இல்லாத செனானை வைத்தால் வெளிச்சம் கண்டபடி சிதறும். கம்பெனி செனானே 35 வாட்தான்.

மாருதிப்பித்தன்: லாரிக்காரன் ஹைபீமில் வரும்போது இந்த நியாயமெல்லாம் எங்கே போகிறது?

டீசல்மணி: அதற்காக நீங்களும் குருடாக்குவீர்களா?

பொள்ளாச்சிக்காரன்: 2010 ஸ்கோடா சூப்பர்ப், கம்பெனி செனான். கோடு அசையவே இல்லை. டேஷில் ஒரு மஞ்சள் விளக்கும் எரிகிறது, அது வேறு ஏதோ என்று விட்டுவிட்டேன். போன வாரம் பின்பக்க சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் மாற்றினேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காதே?

வால்வுராஜா: 😂 இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். பின் சக்கரத்துக்கு உள்ளே, சஸ்பென்ஷன் கையிலிருந்து லெவல் சென்சாருக்கு விரல் நீளத்தில் ஒரு கம்பி போகும். புஷ் மாற்றும்போது கழற்றிவிட்டு மாட்டாமல் விட்டிருப்பார்கள். பின்னால் பாரம் ஏறியதாக நினைத்துக்கொண்டு வண்டி லைட்டை இறக்கும், இல்லை பழுது என்று பார்த்துத் தாழ்த்தி வைத்துவிடும். திருகைத் தொடாதீர்கள். கம்பியை மாட்டி, ஸ்கேனரில் பேசிக் செட்டிங் செய்யுங்கள், அதாவது சென்சாரின் சரியான மட்டம் எது என்று வண்டிக்கு மறுபடி பதிய வையுங்கள். அப்புறம் டயரில் காற்று பார்த்து, சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தினால், கோடு லைட்டின் நடுமட்டத்தைவிட 10 செ.மீ. கீழே விழ வேண்டும், லைட்டின் மேலேயே 1.0% என்று அச்சிட்டிருக்குமே, அதுதான் கணக்கு.

இரவுப்பயணி: இருந்தாலும் பல்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்: கம்பிதான், தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டியாச்சு, நன்றி. மஞ்சள் விளக்கு மட்டும் இன்னும் அணையவில்லை, போய்விட்டு வந்து பார்க்கிறேன்.

வால்வுராஜா: பேசிக் செட்டிங் செய்தீர்களா?

வால்வுராஜா: ஹலோ?